மூன்று விரல்களும் ஒரு வழக்கும்

இதை இடது கையால் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் இடது கைக்கு எழுத்துப் பழக்கிய ஆள் திண்டுக்கல் நாகல் நகரில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், மாலை போடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஊரார் ஆட்டைக் கூலிக்கு மேய்த்தவன். இன்றைக்கு அய்யலூர்ச் சந்தையில் நான் நடந்து போனால் லாரிக்காரர்கள் இறங்கி வந்து பேசுவார்கள். வீடு, அதற்கு மேல் மாடி, மகளுக்கு டீச்சர் படிப்பு எல்லாம் வலது கை சம்பாதித்தது. அந்தக் கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அய்யலூர்ச் சந்தை வியாழக்கிழமை. வெளுக்கும்போதே கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். தை மாதத்தில் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, ஆட்டு மூச்சும் ஆள் மூச்சும் அதில் கலந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. கத்தல் மட்டும் கேட்கும். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கொம்பு வரும், மறையும். அதற்குள் நின்றுதான் நாங்கள் விலை பேசுவோம். வாயால் இல்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குக் கீழே போகும். எதிராளி என் விரல்களில் எத்தனையைப் பிடிக்கிறாரோ அதுதான் அவர் கேட்கும் எண். நூறா ஆயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை எங்கள் இருவருக்கு மட்டும்தான். வாய் அந்த நேரத்தில் மழையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். எதிராளியின் விரல் சூட்டை வைத்தே அவருக்கு அவசரமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். எந்தக் காலேஜிலும் இதைச் சொல்லித்தர முடியாது.

என் வலது கையில் ஓர் ஆபரேஷன் நடந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே அந்தக் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தூங்க ஆரம்பித்தன. தூங்க என்றுதான் சொல்ல வேண்டும், வலி இல்லை. முதலில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். பிறகு இலவம்பஞ்சு மூட்டைக்குள் கையை விட்டது போல. எதைத் தொட்டாலும் அதற்கும் எனக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி கிடந்தது. குட்டியின் காதைத் தொட்டால் துணி. தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் துணி. உண்மையைச் சொன்னால், சில நாள் அது பிடித்துக்கூட இருந்தது. உலகம் ஒரு எட்டுத் தள்ளி நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைவது போல இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை நான் ஆடு வாங்கும்போது துண்டுக்குள் எதிராளி இரண்டு விரலைப் பிடித்தார். எனக்கு ஒன்று பிடித்ததாகத் தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆடு கைமாறிய பிறகுதான் புரிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்கு முன் நான் சிரித்தேன்.

“ஒங்க மக கல்யாணத்துக்கு என் மொய்யின்னு வச்சுக்கங்கப்பு” என்றேன்.

என் தாராளத்தைப் பற்றி அன்றைக்குச் சந்தையே பேசியது. அதன் பிறகு விரலை நம்புவதை விட்டேன். துண்டுக்கு வெளியே தெரியும் எதிராளியின் முழங்கை எவ்வளவு அசைகிறது, அவர் பிடி என் மணிக்கட்டை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தே எண்ணைக் கண்டுபிடித்தேன். மூன்று வருஷம் அப்படி வியாபாரம் பண்ணினேன். ஒருத்தருக்கும் தெரியாது. வேறு ஆளாக இருந்தால் மூன்று வாரத்தில் சந்தையை விட்டு ஓடியிருப்பான்.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு காலையில் அவள் தோசை சுட, நான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

“இங்காருங்க, என்னமோ தீயுது” என்றாள்.

தீய்ந்தது என் நடுவிரல். கல்லின் ஓரத்தில் ஊன்றியிருந்தேன். அன்றைக்கே திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மரியாதையான பையன். மணிக்கட்டில் ஒரு பட்டை நரம்பை நெரிக்கிறது, அதைக் கீறி விட்டால் சரியாகும் என்றார். மனைவி சீட்டுப் போட வெளியே போயிருந்தாள். டாக்டர் பஞ்சும் ஊசியும் எடுத்தார்.

“கண்ண மூடிக்கங்கய்யா. தொட்டா தொட்டீங்கன்னு சொல்லுங்க, குத்துனா குத்துனீங்கன்னு சொல்லுங்க.”

ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு தூங்கவில்லை. பஞ்சு வைக்கும்போது அவர் பிடி இளகியது, ஊசி வைக்கும்போது இறுகியது. இது போதாதா எனக்கு? தொட்டீங்க, குத்துனீங்க, குத்துனீங்க, தொட்டீங்க என்று ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னேன்.

“நல்லா இருக்குங்கய்யா. எத்தன நாளா மரமரப்பு?”

“ஒரு மாசமிருக்கும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், சந்தையில் எவனும் தன் ஆட்டின் வயதைத் தன் வாயால் சொல்ல மாட்டான், அதுதான் காரணம். வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கையையும் அப்படித்தான் அவர் முன்னால் நிறுத்தினேன்.

“மதுரைல நரம்புக்குக் கரண்டு வச்சுப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வந்தா நல்லது.”

“தராசு இல்லாம ஆட்டுக்கு எடை சொல்றவன் நான். என் கைக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று தோள் பக்கம் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் கை வேறு யாருடைய கையாகவோ ஆனது. அதை எடுத்து ஒரு பலகைமேல் வைத்து, பச்சைத் துணியை விரித்தார்கள். மேலே விளக்கு நிலா போல மங்கலாக நின்றது. நர்சுகள் ஏதோ வெஞ்சனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று. துணிக்குக் கீழே என் கையும் டாக்டரின் கையும். கண்ணை மூடினால் சந்தைப் பனி சுற்றிலும் ஏறியது. எத்தனை விரலைப் பிடிக்கிறார், ஒன்றா, இரண்டா, என்ன கேட்கிறார்? ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாகத் துணிக்குக் கீழே என்ன பேசி முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையில் மிதந்துகொண்டே தூங்கிப்போனேன்.

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் எழுந்திருக்கவில்லை. முன்பு நடுவே கிடந்த அந்தத் துணியும் போய்விட்டது, இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. அதைவிட மோசம், கட்டைவிரல் மற்ற விரல்களை நோக்கி வர மறுத்தது. ஒரு சாவியைப் பிடிக்க முடியாது. வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாது. சோற்றைப் பிசையலாம், உருட்ட முடியாது. பேனா நழுவி விழும். டாக்டர் “வரும், பொறுங்கய்யா” என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மகள் டவுனிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னை மாதிரியே கோபக்காரி. ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் ஒரு பைலில் தைத்து, என்னை மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கரண்டு வைத்துப் பார்த்தார்.

“கட்டைவிரலுக்குப் போற நரம்புக் கிளை செத்திருக்கு. கீறும்போது அறுபட்டிருக்கலாம். இல்ல, ரொம்ப நாளா நெருக்குப்பட்டு முன்னாடியே செத்திருக்கலாம். முன்னாடி எப்படி இருந்துச்சு?”

மகள் பைலைப் பிரித்துக் காட்டினாள். தொடு உணர்வு நன்றாக இருக்கிறது, மரமரப்பு ஒரு மாதம்.

“அப்ப ஆபரேஷன்லதான் போயிருக்கணும்” என்றார் பெரிய டாக்டர். “புதுசுன்னா, தெறந்து பாத்து நரம்பத் தைக்கலாம். பழசுன்னா தைச்சுப் புண்ணியமில்ல. மோதிர விரல்ல இருந்து ஒரு தசைநார எடுத்துக் கட்டைவிரலுக்குப் போடணும். ரெண்டும் வேற வேற ஆபரேஷன். இந்தத் தாளப் பாத்தா தைக்கிறதுதான். சீக்கிரம் வாங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அவளே ஒரு வக்கீலைப் பிடித்தாள். அவர் அதே தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஐயா, இந்த ஒரு தாளு போதும். போகும்போது நல்லா இருந்த கை, வரும்போது இல்ல. அவங்க எழுத்துலயே இருக்கு.”

ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படித்தவன் சொன்ன வார்த்தையை டாக்டர் எழுதி, அதை வக்கீல் கும்பிடாத குறையாகப் பிடித்திருந்தார்.

“ரெண்டு வருசத்துக்குள்ள போட்டாப் போதும். ஆனா ஒண்ணு, மதுரைல புதுசா எதையும் சொல்லி வைக்காதீங்க. இந்தத் தாளுல இருக்கிறதையே சொல்லுங்க. அங்க வேற மாதிரி எழுதிட்டாங்கன்னா நம்ம கேஸ் அம்புட்டுத்தான்.”

படிக்கட்டில் இறங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வழக்குக்கு அந்தப் பொய் வேண்டும். கட்டைவிரலுக்கு உண்மை வேண்டும். பொய்யைச் சொன்னால் மதுரைக்காரர் செத்த நரம்பைத் தைத்துக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால் வழக்கு செத்துப்போகும். என் கையை இப்படி ஆக்கியவர் ஒரு வார்த்தை கேட்கப்படாமல் போய்விடுவார். அவர்மேல் தப்பே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவெடுக்காமல் ஒன்றரை மாதம் ஓடியது. முடிவெடுக்கத் தெரியாதவன் இல்லை நான். ஒரு பார்வையில் நாற்பது ஆட்டை முடித்தவன். ஆனால் அந்த நாட்கள் ஏதோ தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி அய்யலூர் போவேன். எதையும் வாங்க மாட்டேன், விற்க மாட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் பனியைத் தின்பதைப் பார்ப்பேன். திரும்பும் வழியில் தென்னந்தோப்புகள் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று பின்னால் போகும். சிறுமலை நகராமல் கூடவே வரும். மத்தியானம் படுத்தால் ஒரு வெள்ளாடு வந்து என் கையை நக்கும். கனவில் மட்டும் அந்த நாக்கின் சொரசொரப்பு மூன்று விரலிலும் தெளிவாகத் தெரியும். விழித்தால் போய்விடும். அதற்காகவே திரும்பத் திரும்பப் படுத்தேன்.

ஒரு நாள் அப்படி எழுந்து உட்கார்ந்து, மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒரு மாசமில்ல. மூணு வருசம்.”

அவள் நிமிரவில்லை. “தெரியும். மூணு வருசமா ஒங்க சட்டைக்குப் பித்தான் போட்டு விட்டது யாராம்? வயசான காலத்துல கொஞ்சுறீகன்னு மொதல்ல நெனச்சேன். தோசைக்கல்லுல கைய வச்சன்னிக்குத்தான் வெளங்குச்சு.”

“பெறகு ஏன் டாக்டர்ட்ட சொல்லல?”

“நீங்க சொல்லியிருப்பீகன்னு இருந்தேன். ஆட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்குற மனுசன் நீங்க, ஒங்க வாயப் பிளந்து பாக்க நான் எந்தச் சந்தையில ஆளத் தேடுறது?”

“அவரு மணிக்கட்டப் பிடிச்ச பிடிய வச்சே எல்லாம் சொல்லிட்டேன். டாக்டரும்தான் சரியாப் பாக்கல.”

“அவரு பாத்தாரு. நீங்க வித்தை காட்டுனீக.” கீரைத் தண்டை ஒடித்தாள். “மககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மகளிடம் அதைச் சொல்லாமலேதான் அவளோடு மறுபடி மதுரைக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் நினைத்தேன். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“அப்ப, ஆபரேஷனுக்கு முன்னாடி மரமரப்பு ஒரு மாசம்தான்?”

மகள் மடியில் பைல் இருந்தது. அவள் கை அதன்மேல் இருந்தது.

“மூணு வருசங்க.”

“அப்பா” என்றாள் மகள்.

எல்லாவற்றையும் சொன்னேன், முழங்கையைப் பார்த்து வியாபாரம் பண்ணியது, பஞ்சு, ஊசி, மணிக்கட்டு. டாக்டர் நம்பவில்லை.

“எங்க, கண்ண மூடுங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

குத்துனீங்க. தொட்டீங்க. தொட்டீங்க. குத்துனீங்க. கரண்டு டெஸ்டில் செத்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு எட்டுக்கு எட்டும் சொன்னேன். பிறகு அவர் பிடியை விட்டார். என் கை மேஜைமேல் தனியாகக் கிடந்தது. நான் காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. இன்னும் அவர் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன்.

“போதும், கண்ணத் தெறங்க” என்றார். நடுவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நரம்பத் தைக்க வேண்டியதில்ல. தசைநார்தான்” என்று எழுதினார்.

“அந்த டாக்டர் அறுத்தாரா இல்லையாங்க?”

“இனிமே யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா.”

பஸ்ஸில் கொடைரோடு வரைக்கும் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள், “எங்கிட்ட எதுக்குப்பா மறைச்சீங்க?”

“நீ படிச்ச பிள்ள. ஒங்கப்பனுக்கு இருந்ததே ஒரு கைதான். அதுவும் போச்சுன்னு எப்பிடித் தாயி சொல்றது?”

அவள் என் விரலில் சுற்றியிருந்த பஞ்சைச் சரிபண்ணினாள். எனக்கு அது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வக்கீலுக்குப் போன் போட்டேன். “என்னங்கய்யா இப்பிடிப் பண்ணிட்டீங்க” என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானதுதான். அதற்கடுத்த நாள் திண்டுக்கல் டாக்டரிடம் தனியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து, மூன்று வருஷக் கதையையும் மணிக்கட்டுக் கதையையும் சொன்னேன். அவர் என் வலது கையை இழுத்து, கட்டைவிரலுக்கு அடியில் அழுத்திப் பார்த்தார்.

“ஒங்க கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை வத்திப்போயி இருந்துச்சு” என்றார் கடைசியில். “அன்னிக்கே பாத்தேன். ஒரு மாசத்துல அப்பிடி வத்தாதுன்னு எனக்குத் தெரியும். வெளிய கூட்டம். நீங்களும் அம்புட்டுத் தெளிவாச் சொன்னீங்க. கேக்காம விட்டுட்டேன்.”

அதை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலமே மகளிடம் சொன்னேன். இனி அவளிடம் எதையும் ஒளிப்பதாக இல்லை. அவள் முகம் மாறியது.

“தெரிஞ்சேதான் விட்டிருக்காரு. டெஸ்ட்டும் எடுக்கல. இதை வச்சே கேஸ் போடலாம்ப்பா.”

“போடலாம். தப்புத்தான்.”

“பெறகென்ன?”

“டெஸ்ட்டு வேணாம்னு நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புல பாதி என்னுது தாயி. பாதிக்குக் கேஸ் போடுற கோர்ட்டு எங்க இருக்கு?”

“இருக்கும். வக்கீல்ட்ட கேக்குறேன்.”

“கேளு. கேட்டுத் தெரிஞ்சு வச்சுக்க. நான் போட மாட்டேன்.”

“ஒங்க கைப்பா” என்றாள். “அவரு பாட்டுக்கு நாளைக்கு இன்னொரு கையக் கீறுவாரு.”

அவர் இனி நன்றாகப் பார்ப்பார் என்று நம்புகிறேன். நம்புவது வேறு, தெரிவது வேறு என்று என் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வழக்கென்று போனால் கோர்ட்டில் நின்று, என்னை அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வேண்டும். அவரை நான் ஏமாற்றியதுதான் முதலில் நடந்தது. அந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எத்தனையோ விஷயத்தில் வந்திருக்கிறது, இதில் வரவில்லை.

பைல் மகள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை, அவளுக்குக் கோபமும் தீரவில்லை. கிழித்துப் போடு என்று நான் சொல்லவில்லை. ஆவணியில் மதுரையில் ஆபரேஷன். தசைநார் பிடித்துக்கொண்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்குக் குறுக்கே வரும், ஆனால் உணர்வு வராது என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். குறுக்கே வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.